பதினாறாம் நாள் மாத்திரை

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் போய்ச் சேர்வதற்குள், சாப்பாட்டுக் கூடத்து நீள மேசையைத் துடைத்துப் பழைய செய்தித்தாளை விரித்து வைத்திருப்பார்கள். அதன்மேல் 31 டப்பாக்கள் வரிசையாக இருக்கும். எப்போதோ ஐஸ்கிரீம் வந்த டப்பாக்கள். மூடியில் பெயர், பெயருக்குக் கீழே ஊர். ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பதால் இந்த இல்லத்தில் ஊர்தான் அடையாளம்: அஞ்செட்டி, ஊத்தங்கரை, காரிமங்கலம், மொரப்பூர், தளி.

வாரத்துக்கு வேண்டிய மாத்திரைகளை நாள்வாரியாக, வேளைவாரியாகச் சின்னக் காகித உறைகளில் பிரித்துப் போடுவது என் வேலை. காலை உறையில் ஒரு சூரியன், இரவு உறையில் ஒரு பிறை. மதிய உறையில் ஒன்றும் வரைவதில்லை. படிக்கத் தெரியாதவர்களுக்கென்று நினைத்துத்தான் இந்தப் படங்களைத் தொடங்கினோம். இப்போது கண்புரை வந்த ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் அவைதான் வழிகாட்டுகின்றன.

அஞ்செட்டிப் பாட்டி சக்கர நாற்காலியை என் பக்கத்தில் தள்ளிவரச் சொல்லி, நான் போடுவதை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டில் கன்னடம் பேசி வளர்ந்தவர். மாத்திரையை 'குளிகே' என்பார். நம் சித்த வைத்தியர்கள் குளிகை என்கிறார்களே, அதே சொல்தான். "கண்ணு, போன மாதக் குளிகே வட்டமாக இருந்ததே, இது ஏன் நீளமாக இருக்கிறது?" என்று கேட்பார். அரசுக் கிடங்குக்கு மருந்து தரும் நிறுவனம் மாறும்போது மாத்திரையின் வடிவமும் மாறிவிடும். உள்ளே இருப்பது சர்க்கரைக்கான அதே மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம். அட்டையைத் திருப்பி, விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்திருக்கும் இடத்தைக் காட்டினால் சமாதானம் ஆவார். அவருக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் அந்த அச்சு எந்த இடத்தில் இருக்கும் என்பது தெரியும்.

நான் 32 ஆண்டுகள் அரசு மருந்தாளுநராக இருந்தேன். வேலைக்குச் சேர்ந்தபோது தர்மபுரி ஒரே மாவட்டம். 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி பிரிந்த பிறகு இரண்டு பக்கமும் மாறி மாறி வேலை பார்த்தேன். ஓய்வு பெற்றபின் வாரம் ஒருநாள் இந்த முதியோர் இல்லத்துக்கு வருகிறேன். இரண்டு மாவட்டங்களின் எல்லையை ஒட்டி, தக்காளித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற சிறிய இல்லம். 43 பேர் இருக்கிறார்கள். அவர்களில் 31 பேர் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டியவர்கள்.

அந்த மாத்திரைகள் எப்படி இந்த மேசைக்கு வந்து சேர்கின்றன என்பதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று பல மாதங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் பாட்டியோடு நானே போனேன். பாட்டிக்கு 81 வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து இடதுபக்கம் விழுந்துவிட்டது. அதன்பின் ஒருமுறை குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பும் முறிந்தது. சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டுக்கும் மருந்து எடுக்கிறார். அரசு மருத்துவமனை 19 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஏழு மணிக்கு ஆட்டோ. பாட்டியைத் தூக்கி ஏற்ற இரண்டு பேர் வேண்டும். உட்கார வைத்தால் இடதுபக்கமாகச் சாய்வார் என்பதால் ஒரு தலையணையை அண்டை கொடுத்து, பழைய புடவையால் இருக்கையோடு சேர்த்துக் கட்டினோம். சாலையில் தக்காளி லாரிகள். ஒவ்வொரு வேகத்தடையிலும் பாட்டி கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்தார். முனகவில்லை. முனகினால் அடுத்த மாதம் அழைத்துப் போகமாட்டார்கள், மருந்து நின்றுவிடும் என்று பயந்தாராம். திரும்பி வந்த பிறகுதான் சொன்னார்.

ஓபி சீட்டு, பிறகு டோக்கன், பிறகு இரத்த அழுத்தம் பார்க்கும் மேசை, அதன்பின் மருத்துவர் அறைக்கு வெளியே நீண்ட வரிசை. பத்தரை மணிக்கு உள்ளே போனோம். மருத்துவர் நல்ல மனிதர், இளைஞர். வெளியே குறைந்தது நூறு பேர் நிற்கிறார்கள் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. பாட்டியின் சிகிச்சை நோட்டைப் புரட்டினார். "எப்படி இருக்கிறீர்கள் அம்மா?" என்றார். பாட்டி தலையசைத்தார். நோட்டில் தேதி போட்டு, கீழே மூன்று எழுத்து எழுதினார்: சி.எஸ்.டி.

மருந்தகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த மூன்று எழுத்து மனப்பாடம். அதே மருந்தைத் தொடரவும் என்பது அதற்குப் பொருள். என் பணிக்காலத்தில் அந்த மூன்று எழுத்துக்கு எத்தனை லட்சம் மாத்திரைகளை எண்ணிக் கொடுத்திருப்பேன் என்று தெரியாது. அதை வாங்குவதற்காக ஒருவர் இடுப்பெலும்பு வலியோடு போகவர 38 கிலோமீட்டர் பயணப்படுவதை அன்றைக்குத்தான் ஆட்டோவுக்குள் இருந்து பார்த்தேன். திரும்பி இல்லத்துக்கு வந்தபோது மணி ஒன்றே முக்கால். பாட்டியின் துணி நனைந்திருந்தது. ஆயா ஒரு சொல் பேசாமல் கழுவி, மாற்றி, படுக்க வைத்தார்.

நோயாளி நேரில் வர வேண்டும் என்ற வழக்கத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். அதற்குக் காரணங்கள் உண்டு. பாதி ஆயுளைக் கவுண்டருக்குப் பின்னால் கழித்தவள் என்ற முறையில் அவை எனக்குத் தெரியும். இறந்துபோனவரின் நோட்டைக் கொண்டுவந்து மருந்து வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். நான்கு நோட்டுகளை ஒரே கையில் கொண்டுவந்தவரிடம் யார் யாருடையது என்று கேட்டால் பெயரே சொல்லத் தெரியாமல் விழித்ததையும் பார்த்திருக்கிறேன். இருப்புப் பதிவேட்டில் ஓர் அட்டை குறைந்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் மருந்தாளுநர்தான். ஆளைப் பார்த்தால்தான் கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்பதும் தெரியும். விதி போட்டவர்கள் கெட்ட எண்ணத்தில் போடவில்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1990-களின் பிற்பகுதியில் மலையடிவார ஊர் ஒன்றில் நான் வேலை பார்த்தபோது, ஒரு பெரியவர் மனைவியின் சீட்டோடு வந்தார். வலிப்பு மருந்து. ஆளைக் கூட்டி வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதுதான் நடைமுறை. மறுநாள் பதினோரு மணிக்கு வாசலில் சலசலப்பு கேட்டது. மூங்கில் கழியில் போர்வையைத் தூளியாகக் கட்டி, இரண்டு இளைஞர்கள் தோளில் தூக்கிவந்திருந்தார்கள். உள்ளே அந்த அம்மா சுருண்டு கிடந்தார். மலைப்பாதையில் எத்தனை மணி நேரம் நடந்தார்களோ. பெரியவர் கோபப்படவில்லை. என் சன்னலருகே வந்து, "இதோ பாருங்கள் அம்மா, இருக்கிறாள்" என்றார்.

நான் எழுந்து வெளியே போய்ப் பார்த்தேன். பார்த்துவிட்டு வந்து முப்பது மாத்திரைகளை எண்ணி உறையில் போட்டுக் கொடுத்தேன். முந்தைய நாள் கொடுத்திருக்க வேண்டிய அதே முப்பது. அன்று முதல் அந்த நடைமுறையைப் பற்றி நினைத்தாலே எனக்கு அந்தத் தூளிதான் முன்னால் வருகிறது.

இனி காப்பீட்டுக்கு வருகிறேன். இல்லத்து அலுவலக அலமாரியில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதில் எல்லோருடைய அட்டைகளும் இருக்கின்றன: ஆதார், குடும்ப அட்டை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை, 70 வயது கடந்த சிலருக்கு மத்திய அரசின் ஆயுஷ்மான் காப்பீட்டு அட்டை. மாநிலத்தில் இந்தக் காப்பீடு 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது. 2012 ஜனவரியில் இன்றைய பெயரைப் பெற்றது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. 2024 அக்டோபர் 29 முதல், 70 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் வருமான வரம்பே இல்லாமல் மத்திய அரசின் 5 லட்சம் ரூபாய்க் காப்பீடும் சேர்ந்தது. இவை சிறிய காரியங்கள் இல்லை. என் இளமையில் இருதய அறுவை சிகிச்சை என்றால் நிலம் விற்பது என்று பொருள். இன்று தர்மபுரி மாவட்டத்துக் கூலித் தொழிலாளி ஒருவர் கையில் காசில்லாமல் போய், அடைத்த இருதயக் குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வருகிறார். இதைக் கட்டி எழுப்பியவர்கள் மீது எனக்கு மனமார்ந்த மரியாதை உண்டு.

ஆனால் இந்தக் காப்பீடு முதன்மையாக மருத்துவமனையில் படுத்தவருக்கானது. மாதாமாதம் வாங்கும் மாத்திரை அதன் கணக்கில் வராது. மத்தியத் திட்டத்தில் படுப்பதற்கு முன் மூன்று நாள், வீடு திரும்பியபின் 15 நாள் வரை மருந்துக்கும் பரிசோதனைக்கும் இடம் இருக்கிறது. பதினாறாம் நாளிலிருந்து நோயாளி தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் பதினாறாம் நாள் என்ற சொல்லை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே அந்தக் கணக்கு என்னை முதன்முதலில் படித்தபோதே உறுத்தியது.

ஊத்தங்கரை ஐயா அப்படித்தான் திரும்பி வந்தார். தனியார் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர், ஓய்வூதியம் கிடையாது. நெஞ்சுவலி வந்து, காப்பீட்டில் ஸ்டென்ட் வைத்து, ஒரு பைசா செலவில்லாமல் அனுப்பினார்கள். கையில் 15 நாள் மருந்து. ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்து, பெரும்பாலும் ஓராண்டு வரை விடாமல் சாப்பிட வேண்டும். நடுவில் சட்டென்று நிறுத்தினால் வைத்த ஸ்டென்டுக்குள்ளேயே இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. கொழுப்புக்கான மாத்திரை ஆயுள் முழுவதும் வேண்டும். லட்சக்கணக்கில் செலவழித்துத் திறந்த குழாயைத் திறந்தபடியே வைத்திருப்பது இந்தச் சிறிய மாத்திரைகள்தான். பதினாறாம் நாள் நான் என் கைக்காசில் வாங்கிக்கொண்டு போனேன். ஒரு மாதத்துக்கு 760 ரூபாய் ஆனது. அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கும். ஆனால் ஐயா நேரில் போக வேண்டும். மாடிப்படி ஏறக் கூடாது, வெயிலில் நிற்கக் கூடாது என்று வெளியேற்றச் சீட்டில் எழுதியனுப்பப்பட்டவர் அவர்.

தகரப் பெட்டியில் இன்னொரு வகை அட்டையும் ஒன்று இருக்கிறது. தளி ஐயாவின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டு (இ.எஸ்.ஐ.) அட்டை. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் 22 ஆண்டுகள் இயந்திரம் ஓட்டியவர். தொழிலாளர் அரசுக் காப்பீடு 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. மற்ற காப்பீடுகள் செய்யாததை அது செய்கிறது: அன்றாட மருந்தும் அதற்குள் வருகிறது. இன்று மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்காக முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் செலுத்துகிறார்கள். குறைந்தது ஐந்தாண்டு காப்பீட்டில் இருந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் வாழ்க்கைத் துணைக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். மாதத்துக்கு 10 ரூபாய்! தளி ஐயா அந்த ரசீதைக் கோயில் விபூதிப் பொட்டலத்தோடு சேர்த்து வைத்திருக்கிறார். இந்தக் காப்பீடும் ஒருமுறை வளைந்து கொடுத்திருக்கிறது. 2020 ஊரடங்கில், வெளியில் மருந்துக் கடையில் வாங்கிக்கொண்டு பிறகு பணத்தைத் திரும்பப் பெறலாம் என்று அனுமதித்தார்கள். ஊரே வீட்டுக்குள் அடைந்தபோது விதியைத் தளர்த்த முடிந்தது. ஆண்டு முழுவதும் கட்டிலோடு கிடக்கும் ஒருவருக்கு எல்லா நாளும் ஊரடங்குதானே?

வலிப்பு மருந்தைப் பற்றி எழுதாமல் இதைக் கடந்துபோக முடியவில்லை. இல்லத்தில் மொரப்பூர் அக்கா என்று ஒருவர் இருக்கிறார். 63 வயது, இளவயதிலிருந்தே வலிப்பு. பினைட்டாயின் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்வரை ஒரு குறையும் இல்லை. காய்கறி நறுக்குவார், மற்றவர்களுக்குத் தலை வாரிவிடுவார். சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் அவருக்குக் காய்ச்சல். ஆட்டோவில் கூட்டிப் போக முடியவில்லை. இல்லத்துப் பணியாளர் நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய், ஆள் வரவில்லையே என்று திருப்பி அனுப்பப்பட்டு, நனைந்த நோட்டோடு வந்தார். எனக்குச் சொன்னால் தொந்தரவு என்று நினைத்துச் சொல்லவில்லை. மூன்று நாள் மாத்திரை இல்லை. நான்காம் நாள் இரவு இரண்டு மணிக்கு அக்காவுக்கு வலிப்பு வந்து, கட்டிலின் இரும்புக் காலில் நெற்றி அடிபட்டு, ஆறு தையல்.

தையல் போட்ட இடத்தில் கட்டுப் பிரிக்க அக்காவைப் பிறகு இரண்டு முறை ஆட்டோவில் கொண்டுபோனார்கள். அந்த ஆட்டோச் செலவு அக்காவின் ஒரு மாத மாத்திரையைவிட அதிகம்.

இத்தனைக்கும் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. மருந்தியல் படிக்கும் எல்லோரும் படிக்கிற விதி அது: 1945-ஆம் ஆண்டின் மருந்துகள் விதிகளில் 65-ஆம் விதி. மருந்துச் சீட்டுக்கு ஒருமுறைதான் மருந்து தர வேண்டும். ஆனால் ஒருமுறைக்கு மேல் தரலாம் என்று மருத்துவரே சீட்டில் எழுதியிருந்தால், அவர் சொன்ன தடவை, சொன்ன இடைவெளியில் தரலாம். நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே வந்த விதிகளில் இருக்கும் வரி இது. என் பணிக்காலத்தில் அந்த வரியைப் பயன்படுத்தி எழுதப்பட்ட சீட்டு ஒன்றுகூட என் சன்னலுக்கு வந்ததாக நினைவில்லை. சி.எஸ்.டி. என்பதற்குப் பக்கத்தில் 'மாதம் ஒருமுறையாக மூன்று முறை வழங்கலாம்' என்று எழுதப் பத்து விநாடி ஆகுமா?

2020 மார்ச் 25 அன்று வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்களும் உதவிக்கு இருக்கின்றன. பராமரிப்பவர் நோயாளியின் சார்பில் மருத்துவரிடம் பேசலாம். ஏற்கெனவே எடுத்துவரும் மருந்தைத் தொடர மருத்துவர் காணொளியில் பார்த்துச் சீட்டு எழுதலாம். போதைப் பொருள் சட்டத்தின் கீழ் வருவன போன்ற சில மருந்துகளுக்கு மட்டும் கட்டுப்பாடு. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 20-ஆம் பிரிவு அரசு மருத்துவமனைகளில் முதியோருக்குத் தனி வரிசை வேண்டும் என்கிறது. நல்ல பிரிவுதான். ஆனால் வரிசைக்கு வரவே முடியாதவரைப் பற்றி இன்னும் ஒரு வரி அதில் தேவைப்படுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வழி காட்டியது நம் மாவட்டம். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில். மருந்து நோயாளியைத் தேடிப் போகலாம் என்பதை அரசே ஒப்புக்கொண்டு, மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வாசலாக நடக்கத் தொடங்கிய நாள் அது. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் அந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. அன்று நான் பெருமையில் அழுதேன். எங்கள் ஊர்ப் பக்கத்துத் தன்னார்வலர் இல்லத்தில் நான்கு பேருக்குச் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளைக் கொண்டுவந்து தருகிறார். அவர்களுடைய குடும்ப அட்டை இதே ஊர் முகவரியில் இருக்கிறது. மற்றவர்களின் அட்டை எந்தெந்த ஊர் முகவரியிலோ இருக்கிறது. சிலருக்கு அட்டையில் பெயரையே மகன் எடுத்துவிட்டான். அஞ்செட்டிப் பாட்டி இந்த ஊர்க் கணக்கில் இல்லை, அஞ்செட்டியில் ஆளே இல்லை. ஸ்டென்ட் மருந்தும் வலிப்பு மருந்தும் மனநல மருந்தும் தன்னார்வலரின் பையில் இல்லை. வீடு என்ற கணக்கோடு இல்லம் என்ற கணக்கையும் சேர்த்துக்கொண்டால், பையில் இன்னும் சில மாத்திரைகளைச் சேர்த்தால், இந்தக் கட்டுரையில் பாதியை நான் எழுதியிருக்க வேண்டியதில்லை.

தென்கொரியாவில் இதைச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள் என்று படித்தேன். 2020 பிப்ரவரி 28 முதல் நடைமுறையில் இருக்கும் திருத்தத்தின்படி, நடமாட்டம் மிகவும் சிரமமாகி, நீண்ட காலமாக ஒரே மருந்தை எடுத்துவருபவருக்கு, பாதுகாப்பானது என்று மருத்துவர் கருதினால், வேறொருவர் போய் மருந்துச் சீட்டைப் பெறலாம். யார் போகலாம் என்ற பட்டியலில் பெற்றோர், பிள்ளைகள், வாழ்க்கைத் துணை, உடன்பிறந்தவர்களோடு முதியோர் பராமரிப்பு இல்லத்தின் பணியாளரையும் சேர்த்திருக்கிறார்கள். அந்த ஒரு சொல் எனக்குப் போதும். இல்லத்துப் பணியாளரும் அந்தப் பெரியவருக்கு ஓர் ஆள்தான் என்று ஒரு நாட்டின் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. எங்கள் ஆயா பாட்டியை எத்தனையோ இரவுகள் மடியில் போட்டுப் பார்த்திருக்கிறார். மருந்துச் சன்னலில் அவரை "நீங்கள் யார்?" என்று கேட்கிறார்கள்.

எனக்கு இதில் ஒரு பயமும் உண்டு. அதை மறைத்தால் என் தொழிலுக்குத் துரோகம். ஆள் வராமலே மருந்து தரலாம் என்று வாசலைத் திறந்துவிட்டு, ஆளைப் பார்ப்பதையும் மறந்துவிட்டால் அது பெரிய கேடு. கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரை முதியவர்களுக்குச் சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்திவிடக்கூடியது. சரியாகச் சாப்பிடாத பாட்டிக்கு அதே அளவைக் கண்ணை மூடிக்கொண்டு ஆறு மாதம் கொடுத்தால், ஒருநாள் விடியற்காலையில் வியர்த்துக் கிடப்பார். தூங்குகிறார் என்று நினைப்பார்கள். சிறுநீரகம் தளர்ந்தால் மெட்ஃபார்மின் அளவைக் குறைக்க வேண்டும், சில நேரம் நிறுத்தவே வேண்டும். பத்து வகை மாத்திரை சாப்பிடும் ஒருவரிடம் உட்கார்ந்து பேசினால் இரண்டையாவது நிறுத்த வேண்டியிருப்பது தெரியவரும். சி.எஸ்.டி. எழுதும் வரிசையில் அந்த இரண்டையும் யாரும் கவனிப்பதில்லை. ஆள் நேரில் வந்தாலும் கவனிப்பதில்லை. அதுதான் எனக்குக் கூடுதல் வருத்தம்.

ஆகவே நான் கேட்பது இது. இல்லத்தில் வசிப்பவர்களுக்கு, நிலையாகப் போய்க்கொண்டிருக்கும் நோய்களுக்கு, மூன்று மாதச் சீட்டு எழுதுங்கள். மாதாமாதம் அதை வாங்க இல்லத்தில் ஒருவரையோ இருவரையோ பெயர் குறிப்பிட்டு, புகைப்படத்தோடு பதிவு செய்யுங்கள். நான்கு நோட்டைக் கொண்டுவந்து விழித்தவரைப் போன்றவர்களுக்கு அதில் இடம் இருக்காது. யாராவது இறந்தால் அந்த வாரமே எழுத்தில் தெரிவிப்பது இல்லத்தின் கடமையாக இருக்கட்டும். தவறினால் பதிவை ரத்து செய்யுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு மருத்துவர் இல்லத்துக்கு வந்து, 43 பேரையும் ஒரே நாளில், அவரவர் கட்டிலில் வைத்துப் பார்க்கட்டும். இரத்தமும் அங்கேயே எடுக்கட்டும். காப்பீட்டில் இத்தனை நோய்க்கு இத்தனை ரூபாய் என்று நீண்ட பட்டியல் இருக்கிறதே, அதில் இந்த வருகைக்கும் பதினாறாம் நாளிலிருந்து தேவைப்படும் மருந்துக்கும் ஒரு வரி சேர்த்தால், மருத்துவருக்கு வண்டிச் செலவு தருவதும் மருந்து தீர்ந்த மாதத்தில் வெளியே வாங்கித் தருவதும் யார் பொறுப்பு என்ற கேள்வி எழாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் பார்ப்பது, மாதம் ஒருமுறை அரை நிமிடம் பார்ப்பதைவிட நல்ல மருத்துவம் என்று எந்த மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார்.

பதிவு பெறாத சிறு இல்லங்கள் இதற்குள் எப்படி வரும் என்று என் தோழி கேட்டாள். அவளும் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். மருந்து கிடைக்கும் என்றால் பதிவு செய்துகொள்ள ஓடி வருவார்கள் என்றேன். இன்றைக்குப் பதிவு செய்தால் ஆய்வுக்கு ஆள் வருவார்கள் என்ற பயம் மட்டும்தான் இருக்கிறது, பலன் ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. மூன்று மாத மருந்துச் சீட்டு அந்தப் பலனாக இருக்கலாம். இது நடந்தால் முதியோரை அடைத்து வைத்துச் சோறு மட்டும் போடும் இடங்களுக்குள்ளும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு மருத்துவரின் கண் படும். மருந்தைவிட அது சில இடங்களில் முக்கியமாக இருக்கும்.

இதைச் சுருக்கி ஒரு மனுவாக எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் தர்மபுரி ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு பிரதி, அடுத்த திங்கட்கிழமை கிருஷ்ணகிரியில் ஒரு பிரதி. 65-ஆம் விதியின் வரியை அப்படியே எழுதி இணைத்திருக்கிறேன். கீழே 43 பேரில் 37 பேர் கையெழுத்தோ கைநாட்டோ வைத்திருக்கிறார்கள். மற்ற ஆறு பேருக்கு நான் என்ன கேட்கிறேன் என்பது புரியும் நிலையில்லை. அவர்கள் பெயரில் நான் எதுவும் வாங்கவில்லை. ஊத்தங்கரை ஐயா இரண்டு எழுத்துப்பிழைகளைச் சுற்றிக் காட்டினார், திருத்திவிட்டேன். அஞ்செட்டிப் பாட்டி வலது கைக் கட்டை விரலை மையில் வைத்து, தாளில் அழுத்தி, எடுக்காமலேயே வைத்திருந்தார். போதும் பாட்டி என்றேன். சரியாகப் பதிந்ததா என்று கேட்டார்.

அடுத்த மருந்து நாள் வரும் செவ்வாய்க்கிழமை. ஏழு மணிக்கு ஆட்டோ சொல்லியாகிவிட்டது. தலையணைக்குப் புது உறை தைத்திருக்கிறோம், இம்முறை இரண்டு பக்கமும் அண்டை கொடுக்க இரண்டு தலையணைகள்.